ஒரு வரிக்குத்தான் இடம்

ஒரு மனிதரால் ஒரே சமயத்தில் இரண்டு வரிகளைப் படிக்க முடியாது. ஐயா வேண்டுமானால் வீட்டில் முயன்று பாருங்கள். மேல் வரியைப் பிடித்தால் கீழ் வரி நழுவும். கீழ் வரியைப் பிடித்தால் மேல் வரி போய்விடும். பத்தொன்பது வருடம் தொலைக்காட்சியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

என் பெயர் அப்துல் ரவூப். தாகேதாவில், ஓடைக்கரையில் இருக்கும் கிழக்குக் கரை ஒளிபரப்பு நிலையத்தில் நிகழ்ச்சி அலுவலர். அலுவலகப் பதிவேட்டிலும், கொரியத் தொடர்கள் முடியும்போது திரையில் வரும் பெயர்ப்பட்டியலிலும் நான் ஊ சான் தெய்ன். ரங்கூனில் எங்கள் ஆட்கள் பலருக்கு வீட்டுக்கு ஒரு பெயர், வேலைக்கு ஒரு பெயர். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை.

இந்த மனு வடிவேலுக்காக. எங்கள் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். 2008 மே மாதப் புயலின்போது எச்சரிக்கையை உரிய நேரத்தில் ஒளிபரப்பாமல் கடமை தவறினார் என்று ஐந்து வருடம் தண்டனை. இரண்டு வருடம் முடிந்துவிட்டது. அவர் மனைவி நீலாம்பாள் மாதம் தவறாமல் என் வீட்டுக்கு வருகிறார். மனு எழுத இந்தப் பேட்டையில் என்னைவிட்டால் ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஏற்கெனவே இரண்டு மனு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக் கஷ்டம், பெண்ணின் படிப்பு, வடிவேலின் மூச்சிரைப்பு எல்லாம் போட்டிருந்தேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. இரண்டாவது மனுவை மகள் தமிழரசியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நீலாம்பாள் திரும்பி வந்தார்.

"எல்லாம் இருக்கு பாய். அது மட்டும் இல்ல" என்றார்.

போன வாரமும் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இந்தத் தடவ நடந்தத நடந்தபடி எழுதுங்க. அவுரு வெளிய வர்றதும் வராததும் உங்க கையிலதான் இருக்கு" என்றார். சரி என்றேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதலில் தமிழில். நான் தமிழில் யோசித்துப் பர்மியத்தில் எழுதுகிறவன். பிறகு பெயர்த்துக்கொள்வேன். மனு ஒரு தாளுக்கு மேல் போகக்கூடாது என்பது உங்கள் அலுவலக விதி. அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிலையத்தின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நான் என்னமோ கொலைகாரன் மாதிரித் தெரிவேன்.

1988-இல் நான் கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குப் பக்கத்துத் தெருவில், ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் கடைகள் மூடின, அலுவலகங்கள் மூடின, முதலாளி மதராசுக்குப் போனார். தட்டச்சு இயந்திரத்தை என்னிடம் விட்டுப்போனார். 1991-இல் எங்கள் நிலையம் திறந்தபோது ஆங்கிலம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. வெளியிலிருந்து வந்த இயந்திரங்களுக்கெல்லாம் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது, படிக்க யாருமில்லை. கையேடு படிக்கப் போனவன் அப்படியே தங்கிவிட்டேன்.

நிலையத்தின் வேலை எளிமையானது. தலைமை நிலையத்தின் அலை ஆற்றைத் தாண்டும்போது களைத்துப்போகும். அதைப் பிடித்து, தெம்பூட்டி, கிழக்குப் பேட்டைகளுக்கும் அக்கரையில் தன்லியினுக்கும் அனுப்புவோம். அனுப்பியது என்ன என்று கேட்டால், பாலங்கள். அதிகாரி பாலத்தைப் பார்வையிடுவார், பாலம் அதிகாரியைப் பார்க்கும், அடுத்த நாள் வேறு பாலம். நடுவே நெல்லைப் புகழ்ந்து ஒரு பாட்டு. நெல் நட ஒரு முழம் நிலம் இல்லாத தாகேதாத் தொழிலாளிகளுக்கு உரம் போடுவது பற்றி அரைமணி நேரம். மாலை ஆறரை முதல் எட்டு வரை மட்டும் எங்கள் சொந்த நிகழ்ச்சி. அதில் மீன் குழம்பு வைப்பது, கோயில் தேர், பள்ளிவாசல் திருமண மண்டபத் திறப்பு, காணாமல் போன எருமை. எருமை அறிவிப்புக்குத்தான் அதிகமாகக் கடிதம் வந்தது. எட்டு அடித்ததும் தலைமை நிலையச் செய்தி. மறுபடி பாலம்.

எனக்குச் செய்தி வாசிக்க ஆசை இருந்தது. 1994-இல் குரல் தேர்வு வைத்தார்கள். நான் மூன்று மாதம் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்துவிட்டுப் போனேன். என் பர்மிய இலக்கணத்தில் தவறு கண்டுபிடிக்க அந்த அறையில் ஒருவருக்கும் தகுதி கிடையாது. அப்போதைய நிகழ்ச்சித் தலைவர் ஊ பா கியாவ் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு வாக்கியம் வாசித்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எழுத்து நல்லா இருக்கு. நாக்குலதான் மசாலா வாசனை" என்றார். உள்ளே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை, வலித்தது, அவ்வளவுதான்.

2002-இல் கொரியத் தொடர்கள் வந்தன. நாட்டுக்கு விமோசனம் வந்த மாதிரி மக்கள் கொண்டாடினார்கள். பேச்சு கொரிய மொழியில் இருக்கும், கீழே பர்மிய சப்டைட்டில். ஒளிநாடாவோடு ஆங்கில வசனம் ஒரு கட்டு வரும். அதைப் பர்மியத்தில் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்து, கண் இமைப்பதற்குள் படித்து முடிக்க வேண்டும். அதனால் எதை விடலாம் என்று தெரிந்தவன்தான் சப்டைட்டில்காரன். அழுகிறவர் நாலு வாக்கியம் பேசினால் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுவிடுவேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. மொஹிங்காக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசைப் பெண்கள் என் வரிகளை ஒருத்திக்கொருத்தி சொல்லிக் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வாயில் என் பர்மியத்துக்கு மசாலா வாசனை இல்லை. திரையின் அடியில் இருந்த அந்த வெள்ளை எழுத்துதான் நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து பேசிய ஒரே இடம்.

அந்த இடத்தில்தான் ரயில் ஓடும். விளம்பரம், வாழ்த்து, எருமை என்று திரையின் அடியில் வலமிருந்து இடமாக ஊர்ந்துபோகிற எழுத்தை நிலையத்தில் ரயில் என்போம். அதை ஓட்டும் இயந்திரம் எங்கோ கழித்துக் கட்டியது. மேலே ஏற்றத் தெரியாது, ஓரத்தில் தள்ளத் தெரியாது. அடியில், சப்டைட்டிலின் மேலேயே, கறுப்புப் பட்டை போட்டு ஓடும். மருமகள் மாமியாரிடம் மனம் திறக்கும் நேரத்தில் அவள் வார்த்தையை மிதித்துக்கொண்டு சோப்பு போகும். இதை யாராக இருந்தாலும் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

தன்லியினில் ஆற்றோரம் என் லாத்தா, அதாவது அக்கா, சுல்தான் பீவியின் வீடு. எனக்கு அம்மா மாதிரி. மச்சான் இறந்த பிறகு மகள் ருமானாவோடு இருந்தார். அந்தப் பகுதிக்கு மின்சாரம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு லாத்தா வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றுதான், அதுவும் கார் பேட்டரியில். கடைக்குத் தூக்கிப்போய் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஐந்தாறு மணி நேரம் ஓடும். தொடர் திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு முதல் எட்டு. கணக்கு சரியாக வந்தது. அதனால் ஏழுக்குப் போடுவார்கள், எட்டு அடித்ததும் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். பாலத்துக்கு ஒரு நிமிடம்கூடப் பேட்டரியைச் செலவு செய்ய மாட்டார்கள். ஆற்றோரம் முழுக்க இதுதான் வழக்கம். நிலையத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எட்டு மணிக்குப் பிறகு வரும் விளம்பரத்துக்குக் கட்டணம் பாதி.

லாத்தாவுக்குப் பர்மிய எழுத்து தெரியாது. ருமானா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சப்டைட்டிலை உரக்கப் படிப்பாள். தெரியாதவர்களுக்கு இன்னொருத்தி தமிழில் சொல்வாள். பதினேழு பேர் வாய் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் நான் போனபோது லாத்தா முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என்னா லாத்தா?"

"நேத்து அந்த மருமவ கதவாண்ட நின்னு என்னமோ சொன்னா தம்பி. சரியா அப்ப உங்க சோப்பு ஓடிச்சு. புள்ள படிக்க முடியாம முழிச்சா. அவ என்ன சொன்னான்னு ராவெல்லாம் எனக்கு அதே நெனப்பு. நீ அங்க இருந்து என்னா புண்ணியம்?"

லாத்தாவுக்காகத்தான் செய்தேன். 2005-இல், தொடர் நேரத்தில் ரயில் ஓடக்கூடாது என்று உத்தரவு கேட்டு மேலே எழுதினேன். கூடவே நேயர் கடிதங்கள் நாற்பத்தொன்று இணைத்தேன். அவற்றில் ஒன்பது உண்மையாகவே நேயர்கள் எழுதியவை. மீதியை எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. பேனா மாற்றி, கை மாற்றி, ஓரிரண்டில் எழுத்துப் பிழைகூட விட்டேன். உத்தரவு வந்தது. ஊ பா கியாவ் மட்டும் என் வாசகத்தின் கடைசியில் 'அவசர அறிவிப்புகள் நீங்கலாக' என்று சேர்த்துவிட்டார். வாக்கியத்தின் ஓசையே கெட்டுவிட்டது. மற்றவர் எழுத்தில் கை வைக்கிறவர்களை என்ன சொல்வது.

இனி 2008. 'நான்காவது மருமகள்' என்ற தொடர் நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம் ஓடி, மே 2, வெள்ளிக்கிழமை முடிவதாக இருந்தது. கடைசிக் காட்சியில், மழையில், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட மருமகள் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். ஆங்கிலக் கட்டில் அதற்கு 'போய் வருகிறேன்' என்றுதான் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம் அடி வாங்கிய பெண் போய் வருகிறேன் என்றா சொல்வாள்? கொரியாக்காரர்களுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. பதினொரு நாள் யோசித்து எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் போகவில்லை, இந்த வீடுதான் என்னைவிட்டுப் போகிறது.' பர்மியத்தில் இன்னும் கச்சிதம், இரண்டு வரியில் எழுத்துக்கு எழுத்து அடைத்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க நிலையத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வடிவேல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். வயதான ஊ பா கியாவ்கூட, ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர், வெள்ளிக்கிழமை பார்ப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். சொல்ல வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு ஐம்பதுக்குத் தலைமை நிலையத்திலிருந்து தாள் வந்தது. கடும் புயல் நெருங்குகிறது, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே மேடான, உறுதியான கட்டடங்களுக்குப் போக வேண்டும், எல்லாத் துணை நிலையங்களும் உடனே தொடர்ந்து அறிவிக்க வேண்டும். அன்று மாலை பொறுப்பு அலுவலர் நான். வடிவேல் ஐந்து நிமிடத்தில் அதை ரயிலில் ஏற்றித் தயாராக வைத்துவிட்டு விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"விட்டுறட்டா பாய்?"

"எட்டு மணிக்கு விடு."

விரலை எடுக்கவில்லை. "எட்டுக்கு யாரு பாய் பாப்பா? பேட்டரிக்காரங்கள்லாம் நிறுத்திருவாங்களே."

"எட்டுக்கு மேல அஞ்சு தடவ விடு."

"அந்தக் கடைசி சீனுக்கு மட்டும் நான் ரயில நிறுத்திக்கிறேன் பாய். மிச்ச நேரம் ஓடட்டுமே. வெளிய காத்தப் பாருங்க."

நியாயமான யோசனைதான். ஆனால் அவர் எழுத்துக்காரர் இல்லை. முந்தைய வரிகளைப் படிக்காதவருக்குக் கடைசி வரி விளங்காது. அன்றைய அத்தியாயத்தில் ஒவ்வொரு வசனமும் அந்த ஒரு வரிக்குப் படிக்கட்டு. பாதிப் படியை மூடிவிட்டு மாடிக்கு வா என்றால் யார் வருவார்கள்? இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் "ஹோக்கே" என்றார். பர்மியத்தில் சரி என்று அர்த்தம். கோபம் வந்தால்தான் என்னிடம் பர்மியத்தில் பேசுவார். பிறகு குறிப்பேட்டை எடுத்து எழுதினார்.

எச்சரிக்கையை நான் தடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு மணிக்கு மேல் ஐந்து தடவை, ஓர் எழுத்துக் குறையாமல் ஓடியது. பாலத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தவர்களின் சப்பாத்துக்குக் கீழே ஓடியது. மாற்றியது நேரத்தை மட்டும்தான். தள்ளிவைக்கச் சொன்னவன் நான்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு என் வரி வந்தது. நிலையத்தின் தகரக் கூரை அதற்குள் அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. வெள்ளை எழுத்து, கீழே ஒரு தூசு இல்லை, ஏழு விநாடி நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் நடந்தது ஐயாவுக்குத் தெரியும். ஊரெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன, பாதை திறக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் தன்லியினுக்குப் போனேன். லாத்தா வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. ருமானா தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பித்திருந்தாள், கையிலும் மார்பிலும் தோல் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் தொடர் பார்த்த பதினேழு பேரில் ஆறு பேர் மிச்சம். லாத்தா அந்த ஆறில் இல்லை. ஐந்து நிமிட நடையில் செங்கல்லில் கட்டிய அரிசிக் கிடங்கு ஒன்று உண்டு. போய்ப் பார்த்தேன். இரண்டு ஓடு பெயர்ந்திருந்தது, உள்ளே தரை காய்ந்திருந்தது.

ருமானா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பர்மியம்தான் சரளம், தமிழ் தட்டித் தடுமாறும். ஆனாலும் அன்றைக்குத் தமிழில்தான் சொன்னாள்: "உங்க வரிய ரெண்டு தரம் படிச்சேன் மாமா. உம்மா இன்னொரு தரம் படின்னுச்சு. அப்புறம் பேட்டரிய கழட்டிட்டுப் பாய் விரிச்சோம். காத்து அடிக்குது, காலைல நின்னுரும்னு உம்மா சொல்லுச்சு." லாத்தா கடைசியாகக் கேட்ட நல்ல வார்த்தை என்னுடையது. அந்த ஆறுதல் எல்லோருக்கும் கிடைக்காது.

விசாரணை வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் குறிப்பேட்டைப் பார்த்தேன். கூரை பெயர்ந்து மழை இறங்கியதில் தாள்கள் நனைந்திருந்தன, மே 2-ஆம் தேதிப் பக்கம் ஓரம் மட்டும் ஈரம். ஆவணம் அழிந்துவிடக் கூடாது என்று நல்ல தாளில் பிரதி எடுத்தேன். வடிவேல் எழுதியிருந்தது: 'எச்சரிக்கை ஓட்டம், சான் தெய்ன் சொன்னபடி எட்டு மணிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.' நீளமான வாக்கியம். ஆபரேட்டர்களுக்கு எழுதத் தெரியாது, எல்லாவற்றையும் போட்டு அடைப்பார்கள். பிரதியில் அதைக் கொஞ்சம் செப்பனிட்டேன், மூன்று சொல் குறைந்தது. வாக்கியத்தின் பொருள் மாறவில்லை: எச்சரிக்கை ஓட்டம் எட்டு மணிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பழைய தாளை உலர்த்தலாம் என்று அடுப்புப் பக்கம் வைத்தேன். தாள்தானே, பற்றிக்கொண்டது.

விசாரணையில் வடிவேல், "பாய்தான் சொன்னாரு" என்றார். என்னைக் கேட்டார்கள். அன்று வேலை அதிகம், ஞாபகம் இல்லை, குறிப்பேட்டைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். வடிவேலும் பார்த்தார். "இது என் கையெழுத்து இல்ல" என்றார். நனைந்ததால் நான் எடுத்த பிரதி என்று நானே முன்வந்து சொன்னேன்; எதையும் மறைக்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விசாரணை அதிகாரி நல்ல மனிதர், தொடரை விடாமல் பார்த்தவராம். போகும்போது கதவருகில் நின்று, "அந்தக் கடைசி வரி உங்களுடையதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

ருமானா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். வடிவேல் பெயரைச் சொன்னால் முகம் சிவந்துவிடும். நேற்று நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, தேநீரை வைத்துவிட்டு, "அந்த ஆளுக்கா மாமா மனு? உம்மாவக் கொன்னவனுக்கு? உங்க மனசு யாருக்கும் வராது" என்றாள். தேநீரைக் குடித்தேன்.

இந்த வருடம் நிலையத்துக்கு ஒரு கௌரவமும் கிடைத்திருக்கிறது. நேயர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க 'நான்காவது மருமகள்' மறுபடி ஒளிபரப்பாகிறது. இந்தத் தடவை கடிதங்கள் எல்லாம் நேயர்கள் எழுதியவை, நான் எண்ணிப் பார்த்தேன். கடைசி அத்தியாயம் அடுத்த வெள்ளிக்கிழமை. புது இயந்திரம் வந்துவிட்டது, இப்போது ரயில் மேலேயே ஓடும். கொஞ்சம் முன்னாலேயே வாங்கியிருக்கலாம் என்று நிலையத்தில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். இயந்திரத்தின் குறையை மனிதர்கள் தலையில் போடுவது சரியில்லை.

அவ்வளவுதான். நடந்தது நடந்தபடி, நீலாம்பாள் கேட்டபடி. வடிவேல் நிரபராதி, ஐயா அவரை வெளியே விட வேண்டும். எழுதி முடித்தபோது மனம் லேசாகிவிட்டது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.

இன்று காலை பர்மியத்தில் பெயர்த்தேன். வரலாறு, பாலம், எருமை, பேட்டரி எல்லாம் போய்விட்டது, அதெல்லாம் உங்களுக்கு எதற்கு. வடிவேலின் நல்ல குணம், நீலாம்பாளின் கஷ்டம், புயலின் கொடுமை, நிலையத்தின் பழைய இயந்திரம், நான் தள்ளிவைக்கச் சொன்னது, கருணை கேட்டு ஒரு முடிவு. படித்தால் கல்லும் கரையும். அம்மாவும் பெண்ணும் வெயிலில் அலைய வேண்டாம், நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அலுவலக விதிப்படி ஒரே தாளில் முடிய வேண்டும் அல்லவா, கடைசி வரி மட்டும் தாளைவிட்டு வெளியே நிற்கிறது. நடுவில் மூன்று சொல்லை எடுத்தால் சரியாக அடங்கிவிடும். எதை எடுப்பது என்று பார்த்து வைத்துவிட்டேன், பொருள் மாறாது.